வீட்டோட நிலக்கரி ஃபர்னஸும் வந்துடுச்சு, தீ நாலு மணி நேரத்துல அணைஞ்சு போகுது, யாராவது வழி சொல்லுங்க

ஹேசில்டன்_குமரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், இவ்வளவு நாள் படிக்கறதோட சரி, இப்பதான் முதல் தடவை எழுதறேன். ஆகஸ்ட்ல பென்சில்வேனியால ஹேசில்டன் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினோம், விலை ரொம்ப கம்மியா இருந்துச்சு, ஏன்னு இப்பதான் புரியுது. கேஸ் லைன் கிடையாது. பேஸ்மென்ட்ல ஒரு நிலக்கரி ஃபர்னஸ், கையால அள்ளிப் போடற டைப், அதுலேந்து டக்ட் வழியா சூடு காத்து மேல வரும். ரூமுக்கு ரூம் எலக்ட்ரிக் ஹீட்டர் இருக்கு, நவம்பர் பூரா அதை மட்டும் வெச்சு ஓட்டினோம், கரன்ட் பில் வந்த அன்னிக்கு வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பாத்தா, அதுக்கப்புறம்தான் ஃபர்னஸ பத்த வெப்போம்னு எறங்கினேன்.

பழைய ஓனர் பேஸ்மென்ட் மூலைல மரத்தொட்டி நெறைய கரி விட்டுட்டுப் போயிருக்கார், ரெண்டு டன் இருக்கும்னு சொன்னாங்க. நல்லா பளபளன்னு கருப்பா, பட்டாணியைவிடச் சின்னதா இருக்கு. பேப்பர், விறகு வெச்சு பத்த வெச்சேன், விறகு ஜோரா எரியுது, மேல கரிய கொட்டினா அப்படியே அமுங்கிப் போயிடுது. கம்பியால கிளறி விட்டா கொஞ்சம் சிவக்குது, திரும்ப கருத்துடுது. ரொம்பப் பாடுபட்டா நாலு மணி நேரம், அதுக்கு மேல தாங்கல. காலைல பாத்தா சாம்பல் தட்டுல பாதிக்கு மேல எரியாத கரியா கெடக்கு.

இன்னொண்ணு. கார்பன் மோனாக்சைடு அலாரம் ரெண்டு தடவை அடிச்சுது. முதல் தடவை ஞாயித்துக்கிழமை மதியம், கிச்சன்ல அடுப்புக்கு மேல இருக்கற ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடிட்டு இருந்ததால பீப் சத்தமே லேட்டாதான் காதுல விழுந்துச்சு. ரெண்டாவது தடவை செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ரெண்டு நாளும் வெளில அவ்வளவா குளிர் இல்ல, 50 டிகிரி ஃபாரன்ஹீட் (10 செல்சியஸ்) கிட்ட. ஜன்னலத் திறந்ததும் நின்னுடுச்சு. பேட்டரி வீக்கா இருக்கும்னு கழட்டி வெச்சிருக்கேன். அம்மா ஊர்லேந்து வந்து எங்களோட இருக்காங்க, சின்னக் குழந்தையும் இருக்கு, அதான் பயமா இருக்கு. இதை ஒழுங்கா ஓட்ட முடியுமா, இல்ல தூக்கிப் போட்டுடலாமா?

எடிசன்_ராஜ் எழுதியது:

தூக்கிப் போடுங்க ப்ரோ. எந்தக் காலத்துல இருக்கோம்? வெளிக் காத்துலேந்து சூட்ட எடுத்து உள்ள விடற ஹீட் பம்ப் போட்டா முடிஞ்சுது. தினம் கரி அள்ளி, சாம்பல் அள்ளி, அதுக்கு மேல இன்சூரன்ஸ்காரன் கேள்வி வேற. வீட்டு இன்சூரன்ஸ் பேப்பர்ல கரி எரிக்கற அடுப்பு இருக்குன்னு சொல்லியிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க, சொல்லாம விட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பணம் வராது.

பொன்மலை_பேரன் எழுதியது:

எங்க தாத்தா ரயில்வேல நீராவி இன்ஜினுக்கு கரி அள்ளிப் போடற ஃபயர்மேனா இருந்தவர், பொன்மலைலதான் ரிட்டயர் ஆனார். அவர் சொல்லிக் கேட்டிருக்கேன், கரித்தீய சும்மா விட்டா தூங்கிடும், கம்பி விட்டு கிளறிக்கிட்டே இருக்கணும், மெல்லிசா பரப்பணும், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போடணும்னு. நீங்க ஒரே தடவை நெறைய கொட்டறீங்க போல, அதான் அமுங்குது.

லாக்கவானா_மீனா எழுதியது:

குமரன் தம்பி, இதைப் படிச்ச நிமிஷம் எழுந்து போய் அந்த பேட்டரிய மாட்டுங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். பேட்டரி வீக்கா இருந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒத்தையா கீச்சுன்னு கத்தும், நிஜ வாயுன்னா நாலு நாலு பீப்பா விடாம அடிக்கும். ஜன்னல் திறந்ததும் நின்னுச்சுன்னா அது பேட்டரியே இல்ல. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தலைவலி, குமட்டல், அசதின்னு வரும், சாதாரண ஜுரம்னு நெனச்சுப் படுத்துடுவோம், குழந்தை ஏன் தூங்கிக்கிட்டே இருக்குன்னு கூட தோணாது. அடுத்த தடவை அடிச்சா ஜன்னல திறந்துட்டு உள்ள நின்னு ஆராய்ச்சி பண்ண வேண்டாம், எல்லாரும் வெளில வந்து 911 கூப்பிடுங்க, ஃபயர் ஸ்டேஷன்காரங்க மீட்டர் கொண்டுவந்து அளந்து பாப்பாங்க. மாடிக்கு ஒண்ணு, பேஸ்மென்ட்ல ஒண்ணுன்னு வாங்கி மாட்டுங்க.

ராஜ் சொல்ற இன்சூரன்ஸ் விஷயம் சரி, அதைப் பாத்துடுங்க. ஆனா இந்த ஊர்ல கரி அடுப்பு ஒண்ணும் மியூசியம் சாமான் இல்ல. நாங்க ஸ்க்ரான்டன்ல 14 குளிர்காலமா கரிதான். எங்க தெருவுலயே மூணு வீட்ல இருக்கு.

பொன்மலைத் தம்பி கோச்சுக்காதீங்க, தாத்தா சொன்னது அவரோட இன்ஜினுக்கு சரி. அது ஜாரியா, ராணிகஞ்ச் பக்கத்துலேந்து வந்த பிட்டுமினஸ் கரி, புகையும் ஜுவாலையுமா எரியும். சிலிண்டர்லேந்து வர நீராவி புகைபோக்கில பாயறப்போ காத்த இழுக்கற இழுப்பு இருக்கே, அதுக்கு மெல்லிசாதான் பரப்பணும். இங்க கெடைக்கறது ஆந்த்ரசைட். பேர்தான் கரி, குணம் கல்லு மாதிரி. முன்னாடி இந்த ஊர்க்காரங்க இதை ஸ்டோன் கோல்னுதான் சொன்னாங்களாம், வீட்ல எரிக்கத் தெரியாம ஒதுக்கி வெச்சிருந்தாங்க. 1808 பிப்ரவரில வில்க்ஸ்பேரில சத்திரம் வெச்சிருந்த ஜெஸ்ஸி ஃபெல்னு ஒருத்தர் இரும்புக் கம்பில ஒரு தட்டு அடிச்சு, அதுமேல கரிய வெச்சு, துருத்தி எதுவும் இல்லாம கீழேந்து வர காத்துலயே எரிய வெச்சுக் காட்டினார். அவ்வளவுதான் ரகசியம், இன்னிக்கும் அதேதான். காத்து கீழேந்து கரிக்குள்ள நுழைஞ்சு வரணும், மேலேந்து வர காத்தால பிரயோஜனம் கம்மி. மேல கம்பி விட்டு கிளறினா என்ன ஆகும்னா, மேல இருக்கற சாம்பலும் பொடியும் உள்ள எறங்கி சந்து எல்லாத்தையும் அடைச்சுடும், காத்து போகாது, தீ செத்துடும். நீங்க கிளறக் கிளறத்தான் அணையுது.

எப்படிப் பத்த வெக்கறதுன்னா, நல்ல காஞ்ச கெட்டி விறகு போட்டு அரை மணி நேரம் எரிய விட்டு கங்கு படுக்கை ஒண்ணு உண்டாக்குங்க. கீழ சாம்பல் கதவு திறந்தே இருக்கட்டும். கங்கு மேல ரெண்டு ஷவல் கரி, மெல்லிசா. படபடன்னு வெடிக்கற சத்தம் வரும், பயப்படாதீங்க. அது சிவந்து மேல நீல ஜுவாலை ஆட ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு ஷவல். இப்படியே ஏத்தி ஏத்தி உள் சுவத்துல இருக்கற ஃபயர்பிரிக் செங்கல் விளிம்பு வரைக்கும் ரொப்பிடுங்க. ஆமா, விளிம்பு வரைக்கும். ஆழம் ஒரு அடி கிட்ட இருந்தாத்தான் ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்து நிக்கும், நாலு அங்குலம் போட்டுட்டு ராத்திரி பூரா எரியணும்னா எரியாது. பிடிச்சதும் சாம்பல் கதவ மூடிட்டு, அதுல இருக்கற சின்ன காத்துத் திருகை மட்டும் திறந்து வைங்க. கதவ திறந்து வெச்சுட்டு மட்டும் டீ போடப் போயிடாதீங்க, நான் முதல் வருஷம் அப்படிப் போய் ஃபோன் வந்து பேசிட்டு நின்னுட்டேன், எறங்கி வந்தா குழாய் செவசெவன்னு இருக்கு, கரி உக்கார கம்பித்தட்டு, அதான் கிரேட், அதுல ஒரு கம்பி வளைஞ்சே போச்சு. இப்ப கிச்சன் டைமர் வெச்சுக்கறேன்.

12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கவனிச்சா போதும், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. கிரேட்ட ஆட்ட வெளில இருக்கற கைப்பிடிய சின்னச் சின்னதா, வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டுங்க, முழுசா சுத்தினா நல்ல நெருப்பே கீழ விழுந்துடும். சாம்பல் தட்டுல செவப்பு கங்கு விழ ஆரம்பிச்ச உடனே நிறுத்துங்க. அப்புறம் புதுக் கரி போடறப்போ மொத்தத்தையும் மூடிடாதீங்க, ஒரு மூலைல கொஞ்சம் நெருப்பு கண்ணுக்குத் தெரியணும். ஏன்னா புதுக் கரிலேந்து வர வாயு அந்த நெருப்புல பட்டு அப்பப்ப எரிஞ்சுடணும், எல்லாத்தையும் மூடிட்டா வாயு உள்ள சேந்து சேந்து திடீர்னு ஒரே தடவைல டப்புனு பிடிக்கும், கதவே திறந்துக்கும், எங்க வீட்ல ஒரு தடவை குழாய் ஜாயின்ட் கழண்டுடுச்சு.

பாட்ஸ்வில்_செந்தில் எழுதியது:

அக்கா எல்லாம் சரியா சொல்லிட்டாங்க, ஆனா ஒண்ண விட்டுட்டாங்க. குமரன், பட்டாணியைவிடச் சின்னதா இருக்குன்னு சொன்னீங்க இல்ல? அது ரைஸ் கோல். பேரே அதான், அரிசி. இங்க கரிய சைஸ் வெச்சு பேர் சொல்வாங்க: ரைஸ், பக்வீட், பீ, நட், ஸ்டோவ், எக். ரைஸும் பக்வீட்டும் ஸ்டோக்கர்னு ஒரு மெஷின் இருக்கு, மோட்டார் வெச்சு தானா கொஞ்சம் கொஞ்சமா தள்ளி ஃபேன் வெச்சு ஊதி எரிக்கும், அதுக்கானது. நீங்க வெச்சிருக்கற கையால போடற ஃபர்னஸுக்கு நட் வேணும், நெல்லிக்காய் சைஸ்னு வெச்சுக்கோங்க. ரைஸ அதுல போட்டா பாதி கிரேட் சந்துல கீழ கொட்டிடும், மீதி நெருக்கமா அடைஞ்சு காத்த விடாது. நீங்க எழுதியிருக்கறது அப்படியே அதான், அமுங்குது, தட்டுல எரியாத கரி. பழைய ஓனர்கிட்ட முன்னாடி ஸ்டோக்கர் இருந்திருக்கும், வித்திருப்பார், கரி மட்டும் தங்கிடுச்சு. எங்க வீட்ல ஸ்டோக்கர்தான் ஓடுது, அதான் கேட்ட உடனே தெரிஞ்சுது.

செலவு கேட்டா, இங்க ஒரு டன்னு 2000 பவுண்டு. ஒரு டன் ஆந்த்ரசைட்ல சுமாரா 2.5 கோடி பிடியூ சூடு, பிடியூங்கறது இங்க சூட்ட அளக்கற அலகு. ஃபர்னஸ் அதுல 70 சதவீதத்த வீட்டுக்குள்ள குடுத்தா கூட, அது நம்ம கணக்குல 5000 யூனிட் கரன்ட்டுக்கு மேல. ஹீட்டர் பில்ல எடுத்து வெச்சு வகுத்துப் பாருங்க. ராஜ் சொல்ற ஹீட் பம்ப்போட ஒப்பிட்டா இவ்வளவு வித்தியாசம் வராது, அது ஒரு யூனிட்டுக்கு ரெண்டு மூணு மடங்கு சூடு குடுக்கும், அதையும் நியாயமா சொல்லணும்.

கரன்ட் போனா கரி அடுப்பு ஓடும்னு எல்லாரும் பெருமை பேசுவாங்க, அது ஹால்ல நிக்கற ஸ்டோவுக்கு சரி, உங்களோடது டக்ட் வெச்ச ஃபர்னஸ், காத்த மேல தள்ளறது ப்ளோயர். கரன்ட் போச்சுன்னா ப்ளோயர் நிக்கும், தீ நிக்காது, ஃபர்னஸ் எக்கச்சக்கமா சூடேறிடும். அப்படி ஆனா முதல்ல கீழ இருக்கற காத்துத் திருக மூடுங்க, ஒரு சின்ன ஜெனரேட்டர் வெச்சுக்கறது நல்லது.

ஷெஃபீல்ட்_யாழினி எழுதியது:

வணக்கம் குமரன் அண்ணா. நான் இஞ்ச இங்கிலாந்தில இருக்கிறன், எங்கட வீட்டிலயும் ஆந்த்ரசைட்தான். சாதாரண வீட்டுக் கரிய 2023 மே மாசத்தோட இங்கிலாந்தில விக்கிறதே நிப்பாட்டிப் போட்டினம், புகை வாறதெண்டு. ஆந்த்ரசைட் புகை இல்லாத கரி எண்டபடியா அது இன்னும் விக்கினம்.

உங்கட அலாரம் கதைய வாசிக்கேக்க எனக்கு ஒண்டு பட்டது. ரெண்டு முறையும் நீங்கள் சமைச்சுக்கொண்டு இருந்தனீங்களோ? கிச்சன் ஃபேன் வீட்டுக் காத்த வெளிய இழுத்து விடுகுது, அதுக்கு ஈடா எங்கயாவது இருந்து காத்து உள்ள வரத்தானே வேணும், கதவு ஜன்னல் எல்லாம் பூட்டியிருந்தா அது சிம்னியாலதான் வரும். மேல போக வேண்டிய வாயு அப்ப கீழ வந்திடும். உடுப்பு காய வைக்கிற மெஷினும் அதே வேலைதான் செய்யும். வெளிய குளிர் இல்லாட்டி சிம்னியின்ர இழுவையும் குறைஞ்சு போகும், நீங்கள் சொன்ன ரெண்டு நாளும் அப்பிடித்தான். இஞ்ச 5 கிலோவாட்டுக்கு மேல உள்ள அடுப்பெண்டா சுவரில மூடவே ஏலாத காத்துத் துவாரம் ஒண்டு வைக்கோணும் எண்டு சட்டமே இருக்கு. நீங்கள் ஃபர்னஸுக்குப் பக்கத்தில ஒரு காத்து வழி செய்யுங்கோ.

லாக்கவானா_மீனா எழுதியது:

யாழினி கரெக்டா பிடிச்சாங்க, எனக்குத் தோணவே இல்ல. நம்ம தாளிப்புக்கும் மீன் வறுவலுக்கும் ஃபேன் போடாம இருக்க முடியாது, அதனால காத்து வழி கண்டிப்பா வேணும்.

அதோட குமரன், ஃபர்னஸ்லேந்து சிம்னிக்குப் போற குழாய கடைசியா எப்ப கழட்டினீங்க? கரில விறகு மாதிரி தார் ஒட்டாது, ஆனா மாவு மாதிரி மெல்லிசா ஒரு சாம்பல் பறந்து போய் படுத்த மாதிரி இருக்கற குழாய்லயும், குழாய் வளையற முழங்கைலயும் சேந்துக்கிட்டே இருக்கும். சிம்னி அடில ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கும், அதையும் திறந்து பாருங்க. தீ முழுசா அணைஞ்ச அப்புறம் பண்ணுங்க. குழாய்ல லேசா ஆடற மாதிரி ஒரு வட்ட மூடி இருக்கா? அதுதான் பேரோமெட்ரிக் டேம்பர், சிம்னி ரொம்ப இழுத்தா அதுவே திறந்து சரி பண்ணும், கனம் வெச்சு செட் பண்ணியிருப்பாங்க, கண்ணால பாத்து திருகாதீங்க. மேனோமீட்டர்னு இழுவைய அளக்கற கருவி வெச்சு அளக்கணும், உங்க மாடலுக்கு என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு, பெரும்பாலும் 0.03-லேந்து 0.06 அங்குலத் தண்ணி அழுத்தத்துக்குள்ள இருக்கும். சிம்னி பாக்கறவர் ஒருத்தரக் கூப்பிட்டு உள்ள ஓடு உடைஞ்சிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. வாட்டர் ஹீட்டர் குழாயும் அதே துவாரத்துல சேந்திருந்தா பிரிக்கணும்.

பொன்மலை_பேரன் எழுதியது:

சரி, தாத்தா பேர நான்தான் கெடுத்துட்டேன். குமரன் ப்ரோ, நான் சொன்னத விட்டுடுங்க.

ஹேசில்டன்_குமரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் ஆச்சு, பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க. அன்னிக்கே பேட்டரி மாட்டிட்டேன், புதுசா மூணு அலாரமும் வாங்கியாச்சு. சிம்னிக்காரர் வந்து குழாய கழட்டினார், அந்த முழங்கைல முக்கால்வாசி அடைச்சு வெள்ளையும் சாம்பலுமா மாவு, ஒரு வாளி ரொம்பிடுச்சு. இந்த அடைப்போட தீய மூட்டினதே தப்புன்னு திட்டிட்டுப் போனார். சிம்னி உள் ஓடு நல்லா இருக்காம். வாட்டர் ஹீட்டர் கரன்ட்ல ஓடறது, அதனால அந்தப் பிரச்சனை இல்ல. ஃபர்னஸ் பக்கத்துல வெளிலேந்து ஒரு காத்துக் குழாய் போட்டுக் குடுத்தார். யாழினி, நீங்க கேட்டது நிஜம், ஞாயிறு பிரியாணி, செவ்வாய் அம்மா மீன் வறுத்தாங்க, ட்ரையர் வேற ஓடிட்டு இருந்துச்சு. இப்ப அதே மாதிரி ரெண்டையும் ஓட விட்டு மீட்டர் வெச்சுப் பாத்தோம், பூஜ்யம்.

நட் கரி ரெண்டு டன் எறக்கினேன். முதல் ரெண்டு தடவை அவசரப்பட்டு அணைச்சேன், மூணாவது தடவை நின்னுச்சு, இன்னியோட 11 நாள் அணையல. அம்மாதான் இப்ப இதுக்கு அதிகாரி. கிராமத்துல குமுட்டி அடுப்புல வெச்ச பழக்கம், நான் கதவ திறந்தாலே "நீறு பூத்திருக்கு, கைய வெக்காத"ன்னு சத்தம் போடறாங்க, மீனா அக்கா ஒரு பாரா எழுதினத ஒரு வரில முடிச்சுட்டாங்க. ஒரே ஒரு நாள் கிரேட் ஆட்ட வரல, கல்லு மாதிரி ஒரு கட்டி மாட்டிக்கிச்சு, இரும்புக் கிட்டம் மாதிரி உருகி இறுகிப் போயிருந்துச்சு. அது ஏன்? அப்புறம் சாம்பல எங்க போடறது? அம்மா பாத்திரம் தேய்க்க எடுத்து வெச்சிருக்காங்க.

லாக்கவானா_மீனா எழுதியது:

ஐயோ, பாத்திரத்துக்கு வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. விறகுச் சாம்பல் வேற, இது வேற, இதுல ஆர்சனிக் மாதிரி கண்டதும் இருக்கும். காய்கறித் தோட்டத்துலயும் போடாதீங்க. மூடி போட்ட இரும்பு வாளில அள்ளி உடனே வெளில வெச்சுடுங்க, உள்ள வெச்சா கங்கு கண்ணுக்குத் தெரியாம பொகைஞ்சு அதுலேந்தே அந்த வாயு வரும். ரெண்டு மூணு நாள் ஆறினப்புறம் குப்பைல போடலாம், உங்க டவுன்ஷிப்ல எப்படி எடுக்கறாங்கன்னு கேட்டுக்கோங்க. நாங்க படில ஐஸ் கட்டினா கொஞ்சம் தூவுவோம், வழுக்காது, ஆனா செருப்போட வீட்டுக்குள்ள வந்துடும். எடைல பாத்தா பத்து கிலோ கரிக்கு சுமாரா ஒரு கிலோ சாம்பல்னு கணக்கு. ஆறாத சாம்பல மட்டும் எங்கயும் கொட்டாதீங்க, உங்க ஊர்லேந்து கொஞ்ச தூரத்துலதான் சென்ட்ரேலியா இருக்கு, 1962-ல குப்பைமேட்டுல வெச்ச தீ பூமிக்குள்ள இருக்கற கரிக்குப் பரவினதுன்னு சொல்வாங்க, இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு, ஊரே கிட்டத்தட்ட காலி.

அந்தக் கட்டிக்கு இங்க க்ளிங்கர்னு பேர், நீங்க சொன்ன கிட்டம்தான். காத்து அதிகமாகி ரொம்ப சூடாச்சுன்னா சாம்பல் உருகி ஒட்டிக்கும். நடுவுல ஒரு நாள் சாம்பல் கதவ திறந்து வெச்சு மறந்தீங்களா?

ஹேசில்டன்_குமரன் எழுதியது:

மறந்தேன். டீதான்.

ஏப்ரல்ல நிறுத்தறப்போ ஏதாவது பண்ணணுமா? அப்புறம் அந்த ரைஸ் கரி ரெண்டு டன்ன என்ன பண்றதுன்னே தெரியல, இடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு.

ஷெஃபீல்ட்_யாழினி எழுதியது:

நிப்பாட்டின கையோட துப்புரவாக்கிப் போடுங்கோ, அடுத்த குளிருக்குப் பாப்பம் எண்டு விடாதேங்கோ. கரியில கந்தகம் இருக்கு, அந்தச் சாம்பல் கோடை ஈரத்த உறிஞ்சினா அமிலமா மாறி இரும்பைத் தின்னும். நாங்கள் ஒரு வருசம் விட்டனாங்கள், செப்டெம்பரில குழாய விரலால அமத்தினா ஓட்டை விழுது.

பாட்ஸ்வில்_செந்தில் எழுதியது:

ரைஸ நான் எடுத்துக்கறேன் குமரன், எனக்கு அதான் வேணும். இப்ப நான் குடுக்கற டன் விலையே உங்களுக்கும் குடுத்துடறேன். சனிக்கிழமை காலைல பிக்கப் எடுத்துட்டு வரேன், ரெண்டு மூணு ட்ரிப் அடிக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி தொட்டில கொஞ்சம் தண்ணி தெளிச்சு வைங்க, இல்லாட்டி அள்ளறப்போ வீடு பூரா தூசி பறக்கும்.